மேக்ரோபேஜில் காந்த நானோதுகளை ஏற்றிக் கட்டிக்கு மருந்து அனுப்புவது: காந்தம் எவ்வளவு இழுக்கும், செல் எவ்வளவு சுமக்கும்?

#1 விழுங்கணு

திட்டத்தைக் கீழே வைக்கிறேன், ஓட்டைகளைச் சொல்லுங்கள்.

டிஎச்பி-1 செல்களுக்கு (ஆய்வகத்தில் வளர்க்கும் மனித ரத்தப்புற்று செல் வகை) முதிரவைக்கும் வேதிப்பொருளான பிஎம்ஏ கொடுத்து மேக்ரோபேஜாக, அதாவது துகள்களை விழுங்கும் வெள்ளணுவாக, மாற்றுவது. 10 நானோமீட்டர் கருவுள்ள, சிட்ரேட் பூசிய மேக்னடைட் (காந்த இரும்பு ஆக்சைடு) துகளை அவற்றுக்கு விழுங்கக் கொடுப்பது. துகளின் மேல் புற்றுமருந்தான டாக்ஸோரூபிசினை ஹைட்ரசோன் என்ற வேதிப் பிணைப்பில் கட்டுவது. கட்டியின் அமிலத்தன்மையில் பிணைப்பு அவிழும் என்பது கணக்கு. செல்களைச் சிரை வழியே ஏற்றி, கட்டிக்கு மேலே 25 மி.மீ. விட்டம், 25 மி.மீ. உயரமுள்ள நியோடிமியம் உருளைக் காந்தத்தை வைத்துப் பிடிப்பது.

மூன்று கேள்விகள். ஒரு செல்லுக்குள் எவ்வளவு இரும்பு போக வேண்டும்? ஓடும் ரத்தத்தில் அந்த இரும்பு போதுமா? மருந்தைச் சுமக்கும் செல்லே செத்துப்போகாதா? வெளியாகும் ஆய்வுகளில் பெரும்பாலானவை எலியின் விலாவில் தோலுக்கடியில் வளர்த்த கட்டியில் செய்தவை. கட்டி 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் எது மாறும்?

#2 காந்தவயல்

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், அதைக் காகிதத்திலேயே தீர்த்துவிடலாம்.

செல்லுக்கு 10 பிகோகிராம் (பிகோ என்றால் லட்சம் கோடியில் ஒன்று) இரும்பு என்று வையுங்கள். மேக்னடைட்டாக அது சுமார் 14 பிகோகிராம். நானோ அளவில் நிறைவுக் காந்தமாக்கலை (எட்டக்கூடிய உச்சக் காந்தமாக்கல்) ஒரு கிலோவுக்கு 70 ஆம்பியர் சதுர மீட்டர் என்று எடுக்கலாம் (பெரிய படிகத்தில் 92, துகள் சிறுத்தால் குறையும்). புலச்சரிவு (தூரத்தோடு புலம் மாறும் வீதம்) மீட்டருக்கு 10 டெஸ்லா, துகள் நிறைவு நிலையில் இருக்கிறது என்றால் செல்லின் மேல் விசை ஏறத்தாழ 10 பிகோநியூட்டன். 7 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள செல் தண்ணீரில் இந்த விசையால் நொடிக்கு 70 மைக்ரோமீட்டர் நகரும். முழு ரத்தம் மூன்று நான்கு மடங்கு பிசுபிசுப்பானது, அதில் 20 என்று கொள்ளுங்கள்.

இதே சரிவில் தனியாக மிதக்கும் ஒரு 10 நானோமீட்டர் துகள், மேல்பூச்சோடு சேர்த்து 50 நானோமீட்டர் விட்டம், நொடிக்கு 4 நானோமீட்டர்தான் நகரும். செல்லுக்குள் ஏற்றுவதால் வேகம் பதினைந்தாயிரம் மடங்குக்கு மேல் கூடுகிறது. செல்லைச் சுமையாளாக வைப்பதற்குக் காந்தப் பக்கத்திலிருந்து உள்ள முழு நியாயமும் இதில் அடங்கிவிடும்.

எதிர்ப்பக்கம்: நுண்குழாயில் ரத்தம் நொடிக்கு அரை முதல் 1 மி.மீ., பெருந்தமனியில் பத்துக்கணக்கான சென்டிமீட்டர். தமனியில் போகும் செல்லைக் காந்தத்தால் நிறுத்த முடியாது, அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். காந்தம் செய்யக்கூடியது, நுண்குழாயைத் தாண்டிய சிறு சிரைகளில் செல்லைச் சுவரோரம் தள்ளுவது. ஒட்டிக்கொள்வதும் சுவரைத் தாண்டி உள்ளே போவதும் செல்லின் சொந்த வேலை. செல் அந்தத் திறனை இழந்திருந்தால் எந்தக் காந்தமும் பயனில்லை.

உங்கள் காந்தத்துக்கே கணக்குப் போட்டேன். எஞ்சு காந்தப்புலம் 1.4 டெஸ்லா என்று எடுத்தால், அச்சில்: பரப்பில் 0.63 டெஸ்லா. 5 மி.மீ. தள்ளி 0.39. 10 மி.மீ.யில் 0.22. 20-இல் 0.08. 50-இல் 0.011. சரிவு, 5 முதல் 10 மி.மீ. வரை மீட்டருக்கு 33 டெஸ்லா; 20 முதல் 30 வரை 4.5, 50 மி.மீ.யில் சுமார் 0.6. போதாததற்கு 0.011 டெஸ்லாவில் 10 நானோமீட்டர் துகள் நிறைவை எட்டுவதேயில்லை, ஆறில் ஒரு பங்குதான் காந்தமாகும். இரண்டையும் பெருக்கினால் 5 செ.மீ. ஆழத்தில் விசை, மேலே சொன்ன 10 பிகோநியூட்டனில் நூறில் ஒன்று. எலி விலாவில் கட்டி 5 மி.மீ.க்குள் இருக்கிறது. அதனால்தான் எலியில் இவ்வளவு அழகாக வேலை செய்கிறது.

#3 செல்கூடம்

முதல் கேள்விக்கு: மேக்ரோபேஜுக்கு 10 முதல் 30 பிகோகிராம் வரை ஏற்றுவது கடினமில்லை. ஏற்றிய பிறகும் அது மேக்ரோபேஜாகவே நடந்துகொள்ளுமா என்பதுதான் கடினம்.

நடைமுறை: பிஎம்ஏ 50 நானோமோலார், 48 மணி நேரம். பிறகு பிஎம்ஏ இல்லாத ஊடகத்தில் 24 மணி நேரம் ஓய்வு. இதைத் தவிர்த்தால் செல் ஏற்கெனவே கிளர்ந்த நிலையில் இருக்கும், அழற்சிக் குறிகளைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. ஒரு மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் இரும்பு, 4 மணி நேரம். போதவில்லையென்றால் செறிவைக் கூட்டாமல் நேரத்தைக் கூட்டுங்கள். 100-ஐத் தாண்டினால் உள்ளே போவதைவிடச் சவ்வில் ஒட்டுவதே அதிகம்.

ஒட்டியதையும் விழுங்கியதையும் பிரிக்க, 4 டிகிரியில் ஒரு இணைத் தட்டு கட்டாயம். குளிரில் விழுங்குதல் நின்றுவிடும். அங்கே தெரியும் இரும்பு முழுவதும் ஒட்டியது. அதைக் கழித்துச் சொல்லாத எண்ணை நம்பாதீர்கள்.

கழுவும்போது வரும் சிக்கல்: நன்றாகப் பிரிந்த துகள் மேல்நீரோடு போய்விடும், ஆனால் திரண்ட துகள் செல்லோடு சேர்ந்தே அடியில் உட்காரும். 1.077 அடர்த்தியுள்ள ஃபிக்கால் மெத்தையின் மேல் செல்களை மெல்ல ஊற்றிச் சுழற்றினால் செல் இடைமுகத்தில் நிற்கும், திரள் அடிக்குப் போகும். நிறைய ஏற்றிய செல்லும் கொஞ்சம் சேர்ந்து இறங்கும், அந்த இழப்பைக் கணக்கில் வையுங்கள்.

பிஎம்ஏ கொடுத்த டிஎச்பி-1 தட்டில் பலமாக ஒட்டும். புரதத்தை வெட்டும் டிரிப்சின் போட்டால் பரப்பிலுள்ள ஏற்பிகள் சிதையும், பிறகு ஊடுருவல் சோதனையில் செல் நகராது. 2 முதல் 5 மில்லிமோலார் ஈடிடிஏ (கால்சியத்தைப் பிடித்து ஒட்டலைத் தளர்த்துவது) கலந்த குளிர்ந்த பிபிஎஸ்-ஸில் (பாஸ்பேட் உப்புக்கரைசல்) 10 நிமிடம் வைத்துத் தட்டுங்கள், அல்லது மென்மையான நொதிக் கலவையான அக்யுடேஸ்.

இரும்பை அளக்க: எண்ணிய செல்களை 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரியில் ஒரு மணி நேரம் கரைத்து, அஸ்கார்பிக் அமிலத்தால் ஒடுக்கி, இரும்போடு சேர்ந்து நிறம் தரும் ஃபெரோசின் சேர்த்து 562 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பாருங்கள். ஏற்றாத செல்லையும் அளந்து கழியுங்கள். பிரஷ்யன் நீலச் சாயம் படத்துக்கு நல்லது, எண்ணுக்கு உதவாது.

#4 விழுங்கணு

தெளிவு, நன்றி. இரண்டு துணைக் கேள்விகள். டி செல்லுக்கும் (இன்னொரு நோயெதிர்ப்பு வெள்ளணு) இதையே செய்யலாமா? அப்புறம், சிட்ரேட் துகள் தண்ணீரில் நன்றாக நிற்கிறது, ஆர்பிஎம்ஐ என்ற செல்வளர்ப்பு ஊடகத்தில் போட்டதும் சில நிமிடத்தில் பழுப்புப் பொடியாக இறங்குகிறது. என்ன காரணம்?

#5 துகள்பட்டறை

திரள்வதற்குக் காரணம் இரண்டு. ஊடகத்தின் உப்பு, துகள்களுக்கிடையே இருந்த மின்விலக்கத்தை மறைத்துவிடுகிறது. ஊடகத்திலுள்ள பாஸ்பேட், இரும்புப் பரப்பில் சிட்ரேட்டைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கிறது. ஆர்பிஎம்ஐ-யில் பாஸ்பேட் கூடுதல், அதனால் அங்கே வேகமாக விழும். துகளை முதலில் சீரம் அல்லது 1 விழுக்காடு அல்புமின் கரைசலில் கலந்து அரை மணி நேரம் விட்டு, பிறகு ஊடகத்தில் துளித்துளியாகச் சேர்த்தால் பெரும்பாலும் நிற்கும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் டெக்ஸ்ட்ரான் அல்லது பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) பூச்சு. ஆனால் பெக் அடர்த்தியாக இருந்தால் மேக்ரோபேஜ் விழுங்கவே மறுக்கும், இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைத் தேட வேண்டும்.

தயாரிப்பிலேயே பிசகு இருக்கிறதா என்றும் பாருங்கள். இணைவீழ்படிவு முறையில்: ஃபெரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 5.4 கிராம், ஃபெரஸ் குளோரைடு டெட்ராஹைட்ரேட் 2.0 கிராம், 100 மி.லி. தண்ணீர். தண்ணீரில் நைட்ரஜனை அரை மணி நேரமாவது குமிழவிட்டு ஆக்சிஜனை வெளியேற்றியிருக்க வேண்டும். வேகமாகக் கலக்கிக்கொண்டே 25 விழுக்காடு அம்மோனியா 15 மி.லி. உடனே கருக்கும். 2 கிராம் சிட்ரிக் அமிலத்தை 4 மி.லி. தண்ணீரில் கரைத்துச் சேர்த்து 90 டிகிரியில் ஒரு மணி நேரம். காந்தத்தால் கீழிறக்கிக் கழுவி, 12 முதல் 14 கிலோடால்டன் பையில் இரண்டு நாள் டயாலிசிஸ், கடைசியில் 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டி. விளைச்சல் அதிகபட்சம் 2.3 கிராம். வடிகட்டியில் நிறைய நின்றுவிட்டால் பூச்சு சரியில்லை என்று பொருள், அழுத்தித் தள்ளாதீர்கள்.

நாளாக ஆகக் கருப்பு பழுப்பாக மாறினால் மேக்னடைட் மேக்ஹெமைட்டாக ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது. காந்தத்தன்மை ஓரளவு குறையும், பயப்பட ஒன்றுமில்லை. திரள்வதுதான் பயப்பட வேண்டியது. இறுதியாக ஊடகத்தில் கலந்த பிறகு ஒளிச்சிதறல் முறையில் விட்டத்தை அளங்கள். தண்ணீரில் அளந்த எண்ணுக்கு இங்கே மதிப்பில்லை.

எண்டோடாக்சினை (பாக்டீரியாச் சுவரின் நச்சு, எல்பிஎஸ்) மறந்துவிடாதீர்கள். துகள்மீது துளி எல்பிஎஸ் ஒட்டியிருந்தாலும் மேக்ரோபேஜ் அழற்சி நிலைக்குப் போய்விடும், நீங்கள் அதை இரும்பின் விளைவு என்று எழுதுவீர்கள். 2016-இல் ஃபெருமாக்ஸிடால் (ரத்தசோகைக்குத் தரும் இரும்பு ஆக்சைடு நானோதுகள் மருந்து) மட்டுமே மேக்ரோபேஜை அழற்சி நிலைக்குத் திருப்பி எலியில் கட்டி வளர்ச்சியைக் குறைத்ததாக நேச்சர் நானோடெக்னாலஜியில் வந்தது. அதனால் இரும்பின் விளைவு என்ற ஒன்று இருக்கவே செய்கிறது, அதை எல்பிஎஸ்-ஸிலிருந்து பிரித்தாக வேண்டும். எண்டோடாக்சினை அளக்கும் லிமுலஸ் சோதனையில் துகளின் நிறமே அளவைக் கெடுக்கும். தெரிந்த அளவு எண்டோடாக்சினைக் கலந்து எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்க்காமல் முடிவைச் சொல்லாதீர்கள்.

#6 செல்கூடம்

டி செல் பற்றி: விழுங்கும் செல் அல்ல, சைட்டோபிளாசமும் மெல்லிய விளிம்புதான். சும்மா கலந்து வைத்தால் 1 பிகோகிராம் ஏறுவதே பெரிது. 2012-இல் நேச்சர் மெடிசினில் வந்த முறை உதவும்: ஹெப்பாரின் ஒரு மி.லி.க்கு 2 யூனிட், புரோட்டமின் 60 மைக்ரோகிராம், ஃபெருமாக்ஸிடால் 50 மைக்ரோகிராம் இரும்பு. மூன்றும் சீரம் இல்லாத ஊடகத்தில் தாமாகக் கூடி நானோ கூட்டுகளாகும். 2 மணி நேரம் கழித்து சீரம் உள்ள ஊடகத்தைச் சம அளவு சேர்த்து இரவு முழுக்க விட வேண்டும். கழுவும்போது பிபிஎஸ்-ஸில் 10 யூனிட் ஹெப்பாரின் இருந்தால் வெளியே ஒட்டியது விலகும். சேர்க்கும் வரிசையும் சீரம் இல்லாமையும் முக்கியம், சீரம் இருந்தால் கூட்டு சரியாக அமையாது.

இன்னொன்று, டி செல் பெருகும். ஒவ்வொரு பிரிவிலும் இரும்பு பாதியாகும். முதிர்ந்த மேக்ரோபேஜ் பிரியாது, அந்த வகையில் உங்கள் தேர்வு சரி.

நியூட்ரோபிலை (அழற்சிக்கு முதலில் ஓடும் வெள்ளணு) சிலர் பரிந்துரைப்பார்கள். 2017-இல் பாக்லிடாக்செல் என்ற புற்றுமருந்தை அடைத்த லிப்போசோமை (கொழுப்பு நுண்பை) நியூட்ரோபிலில் ஏற்றி, மூளைக்கட்டியை அறுவையில் அகற்றிய எலிகளில் மிச்சக் கட்டிக்கு அனுப்பிக் காட்டினார்கள். அறுவைக் காயத்தின் அழற்சியே அழைப்பு மணியாக இருந்தது, காந்தம் தேவைப்படவில்லை. ஆனால் உடலுக்கு வெளியே நியூட்ரோபிலின் ஆயுள் மணிக்கணக்குதான்.

#7 மருந்தளவு

ஹைட்ரசோன் திட்டத்தில் அடிப்படையான ஓட்டை இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை.

கட்டிக்கு வெளிப்புற பிஎச் 6.5 முதல் 6.9. மேக்ரோபேஜ் விழுங்கிய துகள் போய்ச் சேரும் ஃபாகோலைசோசோம் என்ற செரிமானப் பையின் பிஎச் 4.5 முதல் 5. கட்டியில் அவிழ வேண்டிய பிணைப்பு, வண்டி கிளம்பும் முன்பே வண்டிக்குள் அவிழ்ந்துவிடும். டாக்ஸோரூபிசின் நேராக உட்கருவுக்குப் போய் டிஎன்ஏ-வில் செருகிக்கொள்ளும். அமிலத்தில் அவிழும் பிணைப்பு நேரடியாக ரத்தத்தில் போகும் துகளுக்குப் பொருந்தும், மேக்ரோபேஜுக்குள் போகும் துகளுக்குப் பொருந்தாது. இந்த இரண்டையும் குழப்பிய கட்டுரைகள் ஏராளம்.

மாற்று வழிகள்: சிலிக்கா ஓட்டுக்குள் அடைத்து வெளியேற்றத்தைத் தாமதிப்பது. அல்லது துகளை விழுங்கக் கொடுக்காமல் செல்லின் பரப்பில் ஒட்டுவது. சவ்வுப் புரதங்களின் தயோல் (கந்தக) முனையில், அதோடு ஒட்டும் மாலிமைடு வேதிக்குழு கொண்டு பிணைக்கலாம், 2010-இல் டி செல்லில் இதைக் காட்டினார்கள். மேக்ரோபேஜ் சில மணி நேரத்தில் பரப்பில் ஒட்டியதையும் உள்ளே இழுத்துவிடும், எனவே டி செல்லில் போல அங்கே நிற்காது. அல்லது கட்டியிலுள்ள நொதி வெட்டினால் மட்டுமே செயல்படும் முன்மருந்து.

அளவுக் கணக்கையும் பாருங்கள். செல்லுக்கு 10 பிகோகிராம் டாக்ஸோரூபிசின் என்றால் 10 லட்சம் செல்லில் 10 மைக்ரோகிராம். 20 கிராம் எலிக்குக் கிலோவுக்கு 5 மி.கி. என்ற வழக்கமான அளவே 100 மைக்ரோகிராம். மனிதருக்கு ஒரு தவணை 100 மி.கி. பக்கம் வரும். நூறு கோடி செல் ஏற்றினாலும் 10 மி.கி.தான், அதிலும் கட்டிக்குப் போய்ச் சேருவது சிறு பங்கு. வழக்கமான வேதிமருந்துக்கு இந்த வண்டி மிகச் சிறியது. சுமை மிக வீரியமானதாக இருக்க வேண்டும், அல்லது போன இடத்தில் தானே பெருக வேண்டும்.

2015-இல் ஷெஃபீல்டு குழு நேச்சர் கம்யூனிகேஷன்ஸில் வெளியிட்டது இந்த இரண்டாம் வகை. மேக்ரோபேஜில் இரும்புத் துகளோடு புற்றணுவைக் கொல்லும் ஹெர்பிஸ் வைரஸை ஏற்றி, எம்ஆர்ஐ கருவியின் சரிவுப் புலத்தால் எலியின் புராஸ்டேட் கட்டிக்கும் நுரையீரல் பரவலுக்கும் திருப்பினார்கள். வைரஸ் போன இடத்தில் பெருகும், அதனால் போய்ச் சேர்ந்த செல் குறைவானாலும் கணக்கு உதைக்காது.

#8 நிழல்வாசி

வெப்பத்தால் திறக்கலாமே? 41 டிகிரியில் உருகும் லிப்போசோமில் மருந்தை அடைத்து, செல் போய்ச் சேர்ந்ததும் மாறுதிசைக் காந்தப்புலம் கொடுத்தால் இரும்பே சூடாகித் திறந்துவிடும். ஒரே துகளில் இரண்டு வேலை.

#9 காந்தவயல்

கேட்க நன்றாக இருக்கிறது, கணக்கு ஒத்துழைக்காது. ஒரு கிராம் கட்டியில் 10 லட்சம் செல் போய்ச் சேர்ந்தால் (இதுவே தாராள மதிப்பீடு) இரும்பு 10 மைக்ரோகிராம். ஒரு கிராம் இரும்புக்கு 100 வாட் வெப்பம் என்றால் கிடைப்பது 1 மில்லிவாட். ரத்த ஓட்டம் துளியும் வெப்பத்தை எடுத்துச் செல்லவில்லை என்று வைத்தாலும் 5 நிமிடத்தில் 0.1 டிகிரிகூட ஏறாது. திசுவைச் சூடாக்க ஒரு கிராமுக்கு மில்லிகிராம் கணக்கில் இரும்பு வேண்டும். மூளைக்கட்டிக்கு ஐரோப்பாவில் அனுமதி பெற்ற காந்த வெப்பச் சிகிச்சையில் துகள் நீர்மத்தை ஊசியால் நேராகக் கட்டிக்குள்ளேயே செலுத்துகிறார்கள்.

செல்லுக்குள் போன துகளின் வெப்பத்திறனும் குறையும். நெருக்கி அடைபட்டதால் துகள் உடலோடு சுழல முடியாது, உட்காந்தத் திசை மட்டும் புரள்வதால் வரும் வெப்பமே மிச்சம். தண்ணீரில் அளந்த எண்ணைக் கொண்டு உள்ளே நடப்பதைச் சொல்ல முடியாது. புலத்தையும் விருப்பம்போல் கூட்ட முடியாது: புலவலிமையும் அதிர்வெண்ணும் பெருக்கிய மதிப்புக்கு 1984-இலிருந்து சொல்லப்படும் வரம்பை எடுத்தால், 100 கிலோஹெர்ட்ஸில் மீட்டருக்கு 4.85 கிலோ ஆம்பியர். அதற்கு மேல் சுழல் மின்னோட்டம் நல்ல திசுவையும் சூடாக்கும்.

ஆழத்துக்கு வருகிறேன். வெளியே நிற்கும் நிலைக்காந்தங்களை எப்படி அடுக்கினாலும் உடலுக்குள் ஒரு புள்ளியில் புல உச்சத்தை உண்டாக்க முடியாது. உச்சம் எப்போதும் பரப்பில், காந்தத்துக்கு அருகில். எர்ன்ஷா தேற்றம் 1842-இலேயே இதை முடித்துவைத்தது. ஆழக் கட்டிக்குக் காந்தம் வைத்தால், வழியிலுள்ள தோலிலும் தசையிலும் முதலில் குவியும்.

எம்ஆர்ஐ-யில் துகள் முழு நிறைவில் இருக்கும், திசையையும் திருப்பலாம். சரிவு மட்டும் போதாது: மருத்துவமனைக் கருவியில் மீட்டருக்கு 40 முதல் 80 மில்லிடெஸ்லா. 40 என்றால் என் முதல் கணக்கிலுள்ள 10 டெஸ்லாவில் 250-இல் ஒன்று. தனிச் செல் நொடிக்கு 0.3 மைக்ரோமீட்டர், மணிக்கு 1 மி.மீ. செல்கள் புலத்தில் ஒன்றோடொன்று ஒட்டித் திரளானால் வேகம் கூடும்: 100 செல் திரளுக்கு இருபது மடங்கு. ஆனால் அந்தத் திரள் நுண்குழாயை அடைக்கும்.

#10 எலிக்கூண்டு

விலங்குச் சோதனைப் பகுதியைச் சொல்லிவிடுகிறேன்.

வால் சிரையில் ஏற்றிய மேக்ரோபேஜ் முதலில் சிக்குவது நுரையீரலில். செல் 15 மைக்ரோமீட்டர், நுண்குழாய் 5 முதல் 8. பிறகு கல்லீரல், மண்ணீரல். மோனோசைட் (மேக்ரோபேஜாக முதிரும் ரத்த வெள்ளணு) சிறியது, வளையும், கட்டி விடும் சிசிஎல்-2 என்ற அழைப்புப் புரதத்துக்கும் நன்றாக ஓடும். சுமை குறைந்தாலும் அதையே முதலில் முயலலாம். மனித ரத்தத்திலிருந்து சிடி14 என்ற பரப்புக் குறியைப் பிடிக்கும் காந்த மணியால் பிரித்தால் அந்த மணியும் இரும்பு ஆக்சைடுதான் என்பதை நினைவில் வையுங்கள், ஏற்றாத கட்டுப்பாட்டுச் செல்லிலும் இரும்பு தெரியும்.

ஏற்றிய செல் இன்னும் நகர்கிறதா என்பதை விலங்குக்குப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள். 8 மைக்ரோமீட்டர் துளைத் தட்டு (மோனோசைட்டுக்கு 5), கீழே சிசிஎல்-2. ஏற்றாத செல்லில் பாதிகூட வரவில்லையென்றால் இரும்பைக் குறையுங்கள். லைசோசோம் அமிலத்தில் இரும்பு கரைந்து, செல்லைச் சிதைக்கும் ஃபென்டன் வினை நடப்பது வழக்கமான காரணம். இரும்பைப் பிடித்துக்கொள்ளும் டெஃபெராக்சமின் சேர்த்து மீள்கிறதா என்று பார்த்தால் உறுதியாகும்.

கட்டுப்பாட்டுக் குழுக்கள்: ஏற்றிய செல் மட்டும், காந்தத்தோடு செல் இல்லாத துகள், அதே எடையுள்ள காந்தமற்ற உலோகத்தை அதே இடத்தில் ஒட்டியது. மூன்றாவதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். கட்டிமேல் காந்தத்தை அழுத்தி ஒட்டினாலே ரத்த ஓட்டம் மாறும்.

எம்ஆர்ஐ-யில் கட்டி கருத்தால் செல் உயிரோடு அங்கே இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். செத்த செல்லின் இரும்பை அங்குள்ள மேக்ரோபேஜ் எடுத்துக்கொண்டு அதே கருப்பைத் தரும். கொழுப்பில் ஒட்டும் ஒளிர்சாயமும் அப்படியே கைமாறும். ஒளி தரும் நொதியான லூசிஃபெரேஸ் மட்டும் உயிருள்ள செல்லில்தான் ஒளிரும், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி வேண்டும் அதற்கு.

மனிதரில் என்ன நடந்தது என்று கேட்டால்: 1996-இல் ஜெர்மனியில் 14 நோயாளிகளுக்கு எபிரூபிசின் என்ற புற்றுமருந்து பிணைத்த காந்த நீர்மம் கொடுத்தார்கள், செல் இல்லாமல். பெரும்பாலும் தாங்கினார்கள். ஆனால் ஏறத்தாழ பாதிப் பேரிடம்தான் துகள் கட்டிக்குப் போனது, கல்லீரலில் தங்கியதும் கணிசம்.

#11 விழுங்கணு

அப்படியானால் டாக்ஸோரூபிசினை விட்டுவிட்டு, தோலுக்கு அருகிலுள்ள கட்டி, வைரஸ் அல்லது முன்மருந்துச் சுமை, மோனோசைட் என்று மாற்றுகிறேன். முதல் படியாக ஓட்டச் சில்லில் (ரத்தக் குழாய்போல் நீர்மம் ஓடும் நுண்கால்வாய்) பிடிப்பை அளக்கலாமா? 1 மி.மீ. அகலம், 100 மைக்ரோமீட்டர் உயரம், 2 செ.மீ. நீளம்.

#12 காந்தவயல்

அளக்கலாம், ஆனால் அந்தச் சில் முகஸ்துதி செய்யும். சிறு சிரைச் சுவரின் கீழ்மட்ட உராய்வழுத்தமான 0.1 பாஸ்கலுக்கு நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர் ஓட்டம் வேண்டும். சராசரி வேகம் நொடிக்கு 1.7 மி.மீ. நொடிக்கு 70 மைக்ரோமீட்டர் இழுபடும் செல் 100 மைக்ரோமீட்டரை 1.4 நொடியில் கடந்துவிடும், அதற்குள் அது முன்னே போவது 2.4 மி.மீ. 2 செ.மீ. நீளத்தில் எல்லாமே பிடிபடும், நூறு விழுக்காடு என்று எழுத வேண்டிவரும். மோனோசைட் 10 பிகோகிராம் சுமக்காது, இருந்தாலும் பெரும்பகுதி சிக்கிவிடும். அதனால் ஓட்டத்தை 10, 20, 40 என்று கூட்டிக்கொண்டே போய், பிடிப்பு பாதியாகும் இடத்தைக் குறியுங்கள். ஒப்பிட அந்த எண்தான் உதவும்.

காந்தத்தைச் சில்லுக்குக் கீழே வைக்காதீர்கள். செல் தன் எடையிலேயே நொடிக்கு 6 மைக்ரோமீட்டர் இறங்கும், அதுவும் காந்தத்தின் கணக்கில் சேரும். பக்கவாட்டில் வையுங்கள், முடிந்தால் மேலே. தூரத்தைத் தடுப்புத் தகடு வைத்து 5, 10, 20 மி.மீ. என்று மாற்றி ஒவ்வொன்றிலும் ஹால் அளவியால் புலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். துடிப்போடு தள்ளும் பெரிஸ்டால்டிக் பம்ப் வேண்டாம், சிரிஞ்சு பம்ப். ஊடகத்தோடு நிறுத்தாமல் ரத்தச் சிவப்பணு 40 விழுக்காடு கலந்தும் ஓட்டுங்கள். சிவப்பணு நடுவில் ஓடி வெள்ளணுவைச் சுவரோரம் தள்ளும், பிடிப்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க வேண்டும்.

#13 மருந்தளவு

ஒரு சின்ன எச்சரிக்கை, ஒப்பீட்டுக்காக டாக்ஸோரூபிசினைக் கொஞ்ச நாள் வைத்திருப்பீர்கள் என்றால். அது 590 நானோமீட்டரில் ஒளிரும், செத்த செல்லைக் காட்டும் புரொபிடியம் அயோடைடு சாயத்தின் சாளரத்திலேயே விழும். உயிருள்ள செல்லும் செத்ததாகத் தெரியும். ஊதா லேசரில் பார்க்கும் டாபி சாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உயிருள்ள செல்லை நிறத்தால் அளக்கும் எம்டிடி சோதனையும் வேண்டாம், 570-இல் இரும்புத் துகளே ஒளியை விழுங்கும், அங்கே செத்த செல்லும் உயிருள்ளதாகத் தெரியும்.